இடுப்பளவு ஏரி

இந்த ஏரியில் எங்கே நின்றாலும் கால் பாவும்.
போடர்ஸ்டோர்ஃப் கரையிலிருந்து நடுவரை நடந்துபோனாலும்
சட்டைப் பை நனையாது.
இதில்தான் மூவாயிரத்து எண்ணூறு மீட்டர்
நான் நீந்த வேண்டும்,
நீந்துவதாக நடிக்காமல்.

வயது நாற்பத்தொன்பது. தொழில்: பல் செய்வது.
நாள் முழுக்க மெழுகும் பீங்கானும்.
மேல்வரிசை கீழ்வரிசையை எங்கே சந்திக்கும் என்று
பார்த்துப் பார்த்து
என் தாடையே இறுகிப்போயிற்று.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.
எனக்குத் தெரியும்: ஒரு மீட்டருக்குச் சற்று மேல்.
தெரிந்தே விட்டேன்.

பக்கத்தில் ஷோப்ரோனிலிருந்து வந்த தபால்காரர், கெல்லெர்ட்.
சிலுவைக்குறி இட்டார்,
பிறகு நீச்சல் கண்ணாடிக்குள் துப்பித் துடைத்தார்.

இரண்டாவது மஞ்சள் மிதவைக்கு அப்பால்
யாருடைய குதிகாலோ என் கண்ணாடியில் இடித்தது,
ஏரி உள்ளே வந்தது,
எழுந்து நின்றேன்.

அவ்வளவுதான். நின்றேன்.
விதி தடுக்கவில்லை.
படகிலிருந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கணுக்கால்வரை வெதுவெதுப்பான சேறு
விரலிடுக்குகளில் ஏறி வந்து கேட்டது:
இங்கேயே இருந்துவிடேன்.
நான்கு மூச்சு. ஐந்தாகவும் இருக்கலாம்.
பிறகு தண்ணீரில் படுத்தேன்.

இல்மிட்ஸ், அப்பெட்லோன், மறுபடி இல்மிட்ஸ்.
மேடில்லாத நாட்டில் காற்றுதான் மேடு.
திராட்சைத் தோட்டங்களில் மைனாக்களை விரட்டும் வெடி
வெடிக்கும்போதெல்லாம் முன்சக்கரம் துள்ளியது.
நூறாவது கிலோமீட்டருக்குப் பிறகு துள்ளவில்லை.
வெடி நிற்கவில்லை.
சைக்கிளில் இருந்தபடியே சிறுநீர் கழித்தேன்,
இருமுறை.
இதை வேலையிடத்தில் சொல்லப்போவதில்லை.

ஓட்டத்துக்குக் காலுறை மாட்டும்போதே தெரிந்தது:
வலது சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே
ஒரு மணல்துகள்.
காலைச் சேற்றின் பாக்கி.
கடைவாய்ப் பல்லில் தலைமுடி உயரம் கூடிவிட்டால்
எவ்வளவு தொலைவிலிருந்தும் திரும்பி வந்து
கத்துவார்கள் என்று எனக்குத் தெரியாதா?
தெரியும். கழுவவில்லை.
முப்பது விநாடி மிச்சம் பிடித்தேன்.

இருபத்தாறாம் கிலோமீட்டரில் அது பேசத் தொடங்கியது.
மற்ற இடங்களும் வலித்தன,
ஆனால் மரியாதையாக.

முப்பத்தொன்றில் ஓட்டம் நடையாயிற்று.
கெல்லெர்ட் என்னைத் தாண்டிப் போனார்,
திருப்பத்தில் எதிரே வந்தார்,
கடைசிச் சுற்றில் மறுபடி தாண்டும்போது
வேகத்தைக் குறைத்து
உப்பு வெள்ளரிக்காய் ஒன்றை நீட்டினார்.
பாதி கடித்தது.
கடித்த தடத்தைப் பார்த்தேன்:
இடது மேல் கோரைப்பல் இல்லை.
‘வாருங்கள், செய்து தருகிறேன்.’
அவருக்கு ஜெர்மன் தெரியாது. சிரித்தார்.
உண்மைதான், இல்லை.

பதினான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
நோட்பூர்கா என்ற என் பெயரை
ஒலிபெருக்கி நோர்பெர்ட்டா ஆக்கியது.
அவளுக்கும் சேர்த்துக் கையை உயர்த்தினேன்.
பதக்கத்தைக் கடித்தபடி நிற்கச் சொன்னான்
படம் எடுப்பவன்.
மறுத்துவிட்டேன்.
அப்படிக் கடித்தவர்களுக்கு அப்புறம்
யார் பல் செய்வது என்று நினைக்கிறான்?

வளைவு அலங்காரத்தின் காற்றைப் பிடுங்கினார்கள்.
அது மெல்ல மண்டியிட்டது.
நான் ஏரிப் பக்கம் போனேன்.
வலது காலுறை தோலோடு கழன்றது.

முதலில் அந்தக் கால். எரிந்தது.
அடுத்து மற்றது.
முழங்கால், தொடை,
அதற்கு மேல் இந்த ஏரிக்கும் அவசரமில்லை.
நாணலுக்குள் ஏதோ ஒரு பறவை
தூக்கத்தில் புரண்டது.

துகள் போயிற்றா என்று விரலால் தேடவில்லை.
விரலிடுக்கில் சேறு ஏறியது.
காலையில் கேட்டதை மறுபடி கேட்கவில்லை.
நான்தான் நின்றுகொண்டிருந்தேனே.