தரையின் மேல் வழக்கு

எல்லோரும் தரையைத்தான் சொல்கிறார்கள்.
"பாத்ரூம் டைல்ஸ் வழுக்கிடுச்சு சிஸ்டர்."
"மெட்ரோவுக்குத் தோண்டின பள்ளம்."
"மருமக அப்பத்தான் வாசலைக் கழுவிவிட்டா."
நீல மையில் குறித்துக்கொள்கிறேன்.
எலும்பின் பேரை
இதுவரை ஒருவரும் எழுதிக்கொடுக்கவில்லை.

ஐம்பதைத் தாண்டி முறிந்து வருகிறவர்கள்
என் மேசையைக் கடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும்.
மாவுக்கட்டு அறைக்கு எதிரே,
தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில்,
ஒரு காலுக்கு அட்டை முட்டுக்கொடுத்த மேசை.

இன்று தேவசகாயம், அறுபத்தெட்டு, தங்கசாலை.
பல்லவன் காலத்துக் கண்டக்டர்.
பிராட்வே திருப்பத்தில் பஸ் சாய்ந்தாலும்
கம்பியைப் பிடிக்காமல் சில்லறை எண்ணியவர்
டீக்கடை வாசலில்,
நின்றிருந்த தரையில், நின்றிருந்தபடியே
விழுந்திருக்கிறார்.
"கையை ஊனினேன். அவ்வளவுதான்."
வலது மணிக்கட்டு. கட்டு இன்னும் ஈரம்.

இதற்கு முன் எங்கேயாவது முறிந்ததா?
"இல்லையே."
கொஞ்சம் கழித்து: "இருமினப்ப ஒரு விலா.
அது இருமல் கணக்குல போயிடுச்சு."
உயரம் குறைந்திருக்கிறதா?
"பேன்ட்தான் நீளமாயிடுச்சு."
இழுப்புக்குச் சின்ன வெள்ளை மாத்திரை,
பத்து வருஷமாக, மருந்துக்கடைக்காரர் கொடுத்து.

டெக்ஸா ஸ்கேன் என்றேன்.
சும்மா படுத்திருந்தால் போதும்,
ஊசி கிடையாது, பெல்ட்டை மட்டும் கழற்றணும்.
"அது பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே," என்றார்,
"கட்டுப் பிரிக்கிற அன்னிக்குப் பாத்துக்கலாம்."

அந்த வாக்கியம் என் ரெஜிஸ்டரில் நிறைய இருக்கிறது.
போன வருஷப் பக்கத்தில் சுகுணாபாய்,
கொருக்குப்பேட்டை, இடது மணிக்கட்டு,
'பிறகு வருகிறேன்.'
வந்தார்.
ஆடியில், ஸ்ட்ரெச்சரில், இடுப்பு முறிந்து.
தரை வழுக்கியதாக மகன் சொன்னான்.
அதையும் நான்தான் எழுதினேன்.

தேவசகாயத்திடம் இதைச் சொல்லவில்லை.
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
செவ்வாய் எட்டரை, பழைய கட்டடம், முதல் மாடி.
"லிஃப்ட் இருக்கா?"
சில நாள் இருக்கும்.
"கூட்டமா இருக்குமா?"
இருக்கும் சார்.

கூட்டம் என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.
சீட்டை இடது கையில் வாங்கினார்,
கட்டைவிரலால் நீளவாக்கில் ஒரே மடிப்பு,
நோட்டுச் செருகும் அதே இடத்தில்
விரலிடுக்கில் நிறுத்திக்கொண்டு
வராண்டாவில் நடந்தார்.

சுவரைப் பிடிக்கவில்லை.
பிடித்துக்கொள்ளுங்கள் என்று
கத்தினேன்.