ஐப்பசி நிகழ்ச்சி நிரல்

வணக்கம்.
நீடாமங்கலம் உரக்கடை மாடியிலிருந்து
உங்கள் வெண்ணாற்றுத் தொலைக்காட்சி.
நான் தையல்நாயகி. செய்தி வாசிப்பவள்,
கணக்கு எழுதுபவள்,
மழை வந்தால் ஓடிப்போய்
பெட்டிகளுக்குச் சாக்கு போர்த்துபவளும் நானே.

ஐப்பசி ஒன்று முதல் புது நிரல்.
காலை ஐந்தரைக்கு முறை அறிவிப்பு:
எந்த வாய்க்காலில் எத்தனை நாள் தண்ணீர்,
எந்த மதகடியில் நேற்று கைகலப்பு.
ஏழு மணிக்கு ரகமத்துன்னிசா
பயிர்க் காப்பீட்டுப் படிவத்தை
வரிவரியாகப் படித்துக் காட்டுவார்.
போன வருடம் அடங்கல் நகல் இல்லாமல்
திரும்பி வந்தவர்கள்
பேனாவோடு உட்காரவும்.
தீபாவளிக்குப் பட்டிமன்றம் கிடையாது.
அன்று சாயங்காலம்
நாற்று நடும் பெண்கள் எட்டுப் பேர்
கூலியைப் பற்றிப் பேசுகிறார்கள்,
ஒரு மணி நேரம், விளம்பரம் இல்லாமல்.

விளம்பரம் இல்லை என்பதைத்தான்
கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.
பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர் வந்தார்.
எங்கள் காபியைக் குடித்துவிட்டு
காபி நன்றாக இருக்கிறது என்றார்.
புகையான் நிகழ்ச்சியில்
அவர் புட்டி ஓரமாய்த் தெரிந்தால் போதுமாம்.
ஓரம்தான் கேட்டார்.
வரப்பை அரக்குகிறவனும்
ஓரத்தில்தான் முதல் வெட்டு வெட்டுவான்.

ஆகவே, நேயர்களே,
கையிருப்பு நாலாயிரத்து நூற்றுப் பத்து.
மாடி வாடகை மூன்று மாதம் நிற்கிறது.
வீட்டுக்கு மாதம் முப்பது கேட்கிறோம்.
ஆயிரத்து எண்ணூறு வீட்டில் நாங்கள் தெரிகிறோம்,
இருநூற்றுப் பதினொரு வீட்டில் ரசீது இருக்கிறது.
ஆறு யாரிடமும் ரசீது கேட்பதில்லை, உண்மை.
ஆற்றுக்கு மாடி வாடகை இல்லை.

இரவு பத்துக்கு மேல்
காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.
அதனால் மூணாறு தலைப்பில் ஒரு கேமராவை
நிறுத்தி வைத்திருக்கிறோம்.
அளவுக் கம்பம். அதன் மேல் குண்டு பல்பு.
ஒவ்வொரு எண்ணாகத் தின்றுகொண்டு
மேலே வரும் தண்ணீர்.
வர்ணனை கிடையாது. தவளைகள்தான்.
இதை நிறுத்திவிட்டால் மின்கட்டணம் மிச்சம் என்று
போன கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன்.

நேற்று ரிஷியூரில் வசூலுக்குப் போனேன்.
உத்திராபதி படலைத் திறக்கவில்லை.
"ஒங்க டிவியெல்லாம் யாரு பாக்குறா?
எங்க வீட்ல சீரியல்தான் ஓடும்."
சைக்கிளைத் திருப்பினேன்.
தெருமுனை வரை வந்துவிட்டேன்.
பின்னாலிருந்து ஒரு சத்தம்:
"யம்மா, செவ்வாக்கெழம ராத்திரி ரெண்டரைக்கு
கேமரா கண்ணாடில செலந்தி வந்து ஒக்காந்துடுச்சு.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல
தண்ணி எங்க நிக்குதுன்னே தெரியல.
கொட்டுற மழைல மம்பட்டிய தூக்கிக்கிட்டு
தலைப்பு வரைக்கும் நடந்தே போயி
பாத்துட்டு வந்தேன்.
ஒரு துணியால தொடைக்க மாட்டீங்களா?"

படலுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவர்.
ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.
உள்ளே போய்விட்டு வந்து
எண்ணி வைத்தார், இருபத்தொன்பது.
"செலந்திக்கு ஒரு ரூவா கழிச்சிட்டேன்."

கணக்கில் அப்படியே ஏற்றியிருக்கிறேன்.
தணிக்கையாளர் கேட்டால்
ரிஷியூருக்கு அனுப்பிவைப்பேன்.

மீதி ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வீடுகளே,
உங்கள் புகார்களையும் கொண்டுவாருங்கள்.
கழித்துக்கொண்டே கொடுங்கள்.

கடைசியாக வானிலை.
வங்கக்கடலில் காற்றழுத்தம்.
நாகைக்குக் கிழக்கே எங்கோ நின்று
யோசித்துக்கொண்டிருக்கிறது.
இன்றிரவு பழைய வேட்டித் துணியோடு
பக்கிரிசாமி தலைப்பில் இருப்பான்.
மணிக்கு ஒருமுறை
ஒரு பெரிய கை வந்து திரையை மூடும்,
பயப்பட வேண்டாம், துடைக்கிறான்.

சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படுங்கள்.
படத்தை அணைக்காதீர்கள்.