கேட்டால் அழுத்தவும்

கண்ணாடி அறைக்குள் தாணு.
காதில் ஹெட்ஃபோன், கையில் பொத்தான்.
ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை,
டோக்கன் நூற்றுப் பதினேழு.
"சத்தம் கேட்டா மட்டும் அழுத்தச் சொல்லுங்க"
பரிசோதிக்கும் பெண் என் பக்கம் திரும்புகிறாள்,
"நான் எதுவுமே கொடுக்கலை. அழுத்திக்கிட்டே இருக்கார்."

அந்த ஊரின் பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை.
பனி பெய்யும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
தூதரகத்தில் சங்கேதச் செய்தி பிரிப்பது அவர் வேலை.
நவம்பரில் ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்து
"மிக்ஸி போடுதது யாரு?" என்றார்.
மணி இரண்டே கால்.

ஒரே கட்டில். ஒரே போர்வை.
அவருக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை?
இதை மூன்று அதிகாரிகள் கேட்டுவிட்டார்கள்.
மூன்றாமவர் டீ வரவழைத்துவிட்டுக் கேட்டார்.

எண்களை உடைத்து வாக்கியம் எடுத்தவருக்கு
இப்போது ஏடிஎம்மின் நான்கு எண் நிற்பதில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: நோய்க்கான காரணம்.
விரலகலம்தான் இருக்கும்.
தெரியவில்லை என்று எழுதினேன், திரும்பி வந்தது.
வெறும் கோடு போட்டேன், அதுவும் வந்தது.
ஏதோ கருவி என்றார் ஒருவர்,
சில்வண்டு என்றார் இன்னொருவர்,
மனசு என்றவர் மட்டும்
ஃபைலைப் பார்த்தபடியே சொன்னார்.

கித்வாய் நகர் மதர் டெய்ரி வரிசையில்
பின்னால் நின்ற ஹரியானாக்காரி தோளைத் தொட்டாள்.
அவள் புருஷன் அதே தூதரகத்தில் வாசல் காவல்.
"உங்க வீட்டுக்காரரும் சுவரைப் பிடிச்சுத்தான் நடக்கிறாரா?"
தலையாட்டினேன்.
பால் வாங்காமலே இருவரும் வீடு திரும்பினோம்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
கூலர் நின்றது, மேல்வீட்டு ஏசி நின்றது,
பக்கத்து பிளாக்கில் ஒரு நாய், பிறகு அதுவும் இல்லை.
"இப்பக் கேளு" என்றார்.
அவர் இடது காதின் மேல் என் காதை வைத்தேன்.
சூடு. வேர்வை. கொஞ்சம் சோப்பு வாசனை.
கேட்கிறது என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனி வரை வந்தது.
விழுங்கினேன்.

பதினோரு நிமிஷம்.
ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுங்கி
முனக ஆரம்பித்தது.
"இது... இது ஒனக்கும் கேக்குல்லா?"
ஆமா என்றேன்.
அவர் கட்டைவிரல் என் உள்ளங்கையை
ஒரு முறை
அழுத்தியது.