ஊறல், ஒழுகல்

புந்தா அரேனாஸில் காற்று அடிக்காத நாளை
நான் இன்னும் பார்க்கவில்லை.
நடப்பவர் பிடித்துக்கொள்ளத் தெருவோரம்
கயிறு கட்டுகிற ஊர்.
ஹாங்கருக்குள் என் கையிலும் ஒன்று,
கயிறு இல்லை, குழாய்.
யெசேனியா ஓயார்சோவின் மூச்சு
அதன் வழியாக இறக்கைக்குள் போகிறது.

முந்தாநாள் இறக்கையின் அடியில் ஓர் ஈரத் திட்டு.
துடைத்தேன். சிவப்புத் தூள் தூவினேன்.
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஆறு நிமிடத்தில் தூள் கறுத்து
திட்டு தட்டளவு ஆயிற்று. விளிம்பில் ஒரு சொட்டு.
"ஊறல்தான், பறக்கலாம்" என்றாள்.
"ஒழுகல்" என்று எழுதினேன்.

அந்த ஒரு சொல்லுக்காகப்
பதினெட்டு டன் எண்ணெயை வடித்தோம்.
தெற்கே பனிக்கண்டத்தில்
முட்டைக்கும் கடிதத்துக்கும் காத்திருப்பவர்களிடம்
மூன்று நாள் பொறுக்கச் சொன்னார் கோவாசிச்,
என் முகத்தைப் பார்க்காமல்.
திறப்போ முழங்கை அகலம்.
அதில் நுழையும் உடம்பு
இந்த ஷிப்டில் அவளுக்கு மட்டும்தான்.
நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் கேட்க வேண்டும்:
"இருக்கிறாயா?"
உள்ளிருந்து ஒரு தட்டு.
வாய்திறந்து ஒரு சொல் இல்லை.
மீட்டரைப் பார்க்கிறேன். ஆவி இல்லை.
குழாயைப் பார்க்கிறேன். மடிப்பு இல்லை.

வெளியே நிற்பவனுக்கு மீதி வேலை யோசிப்பது.
இறக்கைக்குள் தனியாகத் தொட்டி கிடையாது,
தகடுதான் தொட்டி.
பறக்கும்போது நடுவயிற்று எண்ணெயை முதலில் எரிப்பார்கள்.
இறக்கையில் இருப்பது கடைசிவரை கனக்க வேண்டும்,
அந்தக் கனம்தான் இறக்கை மேலே வளைந்து
ஒடிந்துவிடாமல் அமுக்கிப் பிடிக்கிறது.
சுமையை இறக்கினால் பறக்கலாம் என்பவர்களை
ஒருநாள் இங்கே கூட்டிவர வேண்டும்.

அறைக்கு அறை குட்டிக் கதவுகள்.
பம்ப் இருக்கும் பக்கமாக மட்டும் திறக்கும்,
விமானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும்
வந்த எண்ணெயைத் திரும்ப விடாது.
எண்ணெய் போகப் போகக் காற்று உள்ளே வர ஒரு துவாரம்.
அது அடைத்தால் தகடு நசுங்கும்.
தினமும் விடியலில் அடிவால்வை அழுத்தி
ஜாடியில் பிடித்துத் தூக்கிப் பார்ப்போம்:
கீழே தண்ணீர், மேலே எண்ணெய்,
இரண்டுக்கும் நடுக்கோட்டில்
சில நாள் ஒரு பழுப்புப் பூஞ்சை.
இங்கே குடிக்கும், அங்கே தின்னும்.
எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

தட்டு.
இந்த முறை வேறிடத்தில், இரண்டு விலா தள்ளி.
சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் ஒன்று.
எண்ணெய் தகட்டோரமாகவே ஊர்ந்து ஊர்ந்து
பிடிபடாத இடத்தில்தான் தலைகாட்டும்.
மறுபடி தட்டு. பிறகு சுரண்டும் சத்தம்,
நெடுநேரம்.

கால் முதலில் வந்தது. பிறகு இடுப்பு.
முகமூடி பதிந்த கோடுகளோடு முகம்.
கருவிகளை எண்ணினோம்: உள்ளே பதினொன்று,
வெளியே பதினொன்று.
"மூன்றாம் விலா. பூச்சு உரிந்திருக்கிறது.
போன மார்ச். என் கைதான்.
எழுது."
எழுதினேன். என் பேனா மை உறைந்து
இரண்டு முறை நின்றது.

"நான் கேட்டபோதெல்லாம் தட்டினாயே,
ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தாள்.
"நீ கேட்டாயா?
உள்ளே காற்றின் இரைச்சல்தான்.
எண்ணி எண்ணி நானாகத் தட்டினேன்."

புதுப் பூச்சின் கலவையில் ஒரு துளியைத்
தகட்டுத் துண்டில் வைத்துக்கொள்வது வழக்கம்.
அதற்குப் பெயர் சாட்சி.
அது காய்ந்தால் உள்ளே இருப்பதும் காய்ந்திருக்கும்.
இரவு ஒன்பதுக்கு நகத்தால் அழுத்தினாள்.
ஒட்டியது.
தேநீர் ஊற்றினாள், இரண்டு கோப்பை.
பதினொன்றுக்கு நான் அழுத்தினேன்.
இன்னும் ஒட்டியது.