நிகர எடை

முக்கூடலிலிருந்து வந்தவள், பெயர் முப்பிடாதி.
மடித்த தாளை மேசையில் பிரித்தாள்:
கறுப்புக் கயிற்றில் ஐந்து துண்டு.

கூட்டுறவு வங்கி, அம்பாசமுத்திரம்.
தராசுக்குக் காற்று படாத கண்ணாடிப் பெட்டி.
தங்கத்தைச் சந்தேகிப்பது என் உத்தியோகம்.

ஐம்படைத்தாலி என்றேன்.
"அப்படியா பேரு? நாங்க அஞ்சு சாமான்னு சொல்லுவோம்.
இது கொல்லாங்கொட்டை. இது வண்டிச்சக்கரம்.
இது பருப்பு மத்து. இது வெட்டரிவா.
இதுதான் என்னன்னு தெரியல."
வில் என்றேன். நாண் தேய்ந்து
வெகுநாள் ஆகியிருந்தது.

"பெருமாள் கும்பிடுவீங்களோ?"
"எங்களுக்கு மாடன்தான் சார், கெடா வெட்டு.
இது எப்படி வந்துச்சோ.
ஆறு பிள்ளைய கழுத்துல கெடந்திருக்கு,
ஆறும் நடந்துச்சு."

யாரோ ஒருத்தி, எந்தக் காய்ச்சல் ராத்திரியிலோ,
சாமியை அவர் இடத்திலேயே விட்டுவிட்டு
ஆயுதங்களை மட்டும் கடன் வாங்கியிருக்கிறாள்.
அவர் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

உரைகல்லில் கதையைத் தேய்த்து
அமிலம் விட்டேன். கோடு நின்றது.
சக்கரத்தில் ஒரு சின்னப் பள்ளம்.
"கடிச்சிட்டான் சார்.
போன மாசந்தான் பல்லு மொளச்சுது."
எனக்கு முன்னமே ஒருவன் சோதித்திருக்கிறான்.

மூன்று கிராம் நூறு.
கயிறு, அழுக்கு, பால் வாடை கழித்து
இரண்டு தொள்ளாயிரம்.
விவரம் என்ற கட்டத்தில்
'சிறு உரு, ஐந்து' என்று எழுதினேன்.
கட்டம் அவ்வளவுதான் கொள்ளும்.

கத்தரியை எடுத்தேன்.
"அறுக்காதீங்க, உருவிக்கிடுதேன்."
ஒவ்வொன்றாய் உருவி வைத்துவிட்டு
வெறுங்கயிற்றை
இடுப்பில் இருந்தவன் கழுத்தில் கட்டினாள்.
அவன் அதையும் வாயில் வைத்துப் பார்த்தான்.