உட்கார்ந்திருக்கையில் நூற்றுப் பதினெட்டு

மண்டபம் நண்டுக் கம்பெனியில் அந்தப் பங்குனி முழுக்க
என் கைக்கு நிகரில்லை.
அவித்த நண்டைப் பிளந்து
சதை உதிராமல் எடுத்துத் தட்டில் வைப்பேன்.
அடுத்த மேசை முத்திருளாயி ஐந்து கிலோ தொடும்போது
எனக்கு ஏழு.
"மாதா கை வச்சிருக்கா ஒனக்கு" என்றாள்.
நானும் அப்படித்தான் நம்பினேன்.

கிலோவுக்குத்தான் கூலி.

ஐஸ் அறையில் மற்றவர்கள் துண்டைப் போர்த்தி நிற்க
எனக்கு முதுகில் வியர்வை வழிந்தது.
இரண்டு தட்டுச் சோறு தின்றும்
மாதம் ஒருமுறை ரவிக்கையைப் பிடித்துத் தைத்தேன்.
சர்க்கரை என்றார்கள். கண்ணேறு என்றார்கள்.
மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லாமல்
என் தூக்கில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

இரவில் தலையணைக்குள் யாரோ ஓடினார்கள்.
காதை மாற்றிப் படுத்தாலும்
அதே கால்கள்.
இரண்டு மணிக்கு எழுந்து
சுத்தமான பானையைத் தேய்ப்பேன்.
ஆடி பிறந்தபோது
வடகடல் தட்டில் ஊற்றிய எண்ணெயாய்க் கிடந்தது;
ரோட்டைத் தாண்டினால் தென்கடல்
கச்சான் பிடித்துக் கரையை அறைந்தது.
ஒரே ஊர்தான்.
நான் எந்தப் பக்கம் என்று சந்தியாகைக் கேட்டேன்.
தூக்கத்தில் "ம்" என்றான்.
பானை மூடி சுவரில் பட்டு உருண்டது.

சதையில் ஓடு கிடக்கிறதென்று ஒரு டப்பா திரும்பி வந்தது.
அதில் என் எண்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில்
கையை நீட்டச் சொல்லி
விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார் டாக்டரம்மா.
ஃபேன் ஓடவில்லை. தாள் படபடத்தது.
"மாடி ஏறி வந்தீங்களா?"
"அரை மணி நேரமா பெஞ்சுலதான் இருக்கேன்."
நாடியைக் குறித்தார்: நூற்றுப் பதினெட்டு.

தைராய்டு, பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும் என்று படம் காட்டினார்.
எனக்கு அது
பிளந்து வைத்த நண்டு.
போதுமென்று சொல்ல ஆளில்லாமல்
கழுத்துக்குள் இரவும் பகலும் ஓவர்டைம் பார்க்கிறது.
கூலியை என் சதையில் பிடித்துக்கொள்கிறது.

மாத்திரை உடனே கேட்காது, வாரக்கணக்கு ஆகும்.
நல்லாயிருக்கு என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.
ஆனால் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால்
நிறுத்திவிட்டு அன்றைக்கே ஓடி வந்து ரத்தம் பாருங்கள்.
இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.
ரேஷன் கார்டு உறையில் எழுதிவைத்தேன்.

புரட்டாசிக்குள் தூக்கம் வந்தது.
கை நின்றது.
கிலோவும் நின்றது; ஐந்து, மிஞ்சினால் ஐந்தேகால்.
"என்னக்கா, முன்ன மாதிரி இல்லையே" என்றான்
சூப்பர்வைசர் பரக்கத்.
முன்ன இருந்தது நானில்ல தம்பி.
சனிக்கிழமைக் கவரை எண்ணும்போது,
யாரிடமும் சொன்னதில்லை,
அந்த நோய்க்கு ஏங்கினேன்.

சந்தியாகுக்குத்தான் பெரிய நிம்மதி.
"எல்லாம் தைராய்டு, டாக்டரே சொல்லிட்டாங்க"
என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான்.
எறிந்த மூடி, பேசின பேச்சு,
அவன் தங்கச்சி கல்யாணப் பந்தியில் நான் பாதியில் எழுந்தது,
எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதினான்.
கொஞ்ச நாள் நானும் சரி என்றேன்.
எது சுரப்பியின் கோபம், எது என் கோபம்?
ரத்தம் எடுக்கிற பிள்ளைக்குத் தெரியாது.
சீட்டில் அதற்கு வரியில்லை.

ஐப்பசியில் எல்லாம் அளவுக்குள் வந்தது.
நாடி எழுபத்தாறு.
கடல் வற்றினால் தெரிகிற பாறைபோல்
ஒன்று மட்டும் வெளியே நின்றது:
தடைக்காலத்தில் என்னைக் கேட்காமல்
அவன் அடகு வைத்த மூன்று பவுன் சங்கிலி.

ராத்திரி சோறு போட்டு
செம்பு நிறையத் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு
"சங்கிலிய எப்ப மீக்கப் போற?" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தான்.
"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

செம்பில் தண்ணீர் அசையவில்லை.