நிலை இல்லாத கதவு

பார்ரெய்ரோவில் இடித்த வீட்டிலிருந்து
பன்னிரண்டு யூரோவுக்கு வாங்கிய கதவு.
பதினான்கு என்ற எண்,
அதற்குக் கீழே
எதையோ ஒட்டிக் கிழித்த டேப்பின் தடம்.
ரயிலில் ஏற்றியபோது பரிசோதகர் கேட்டார்:
இதற்கு டிக்கெட்?
சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
சக்கரம் எங்கே என்றார்.
அதற்குள் பால்மேலா வந்துவிட்டது.

செத்தூபலில் மேட்டின் மேல் பள்ளிக்கூடம்.
ஒன்பதாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு மணி நேரம்,
அதாவது வேறு எவருக்கும் வேண்டாத நேரம்
எனக்கு.
கணக்கு ஆசிரியர் அடால்பெர்ட்டோ
என்னைக் கண்டால்
'இன்றைக்கு என்ன கூத்து?' என்பார்.
அவரையும் விடவில்லை.
இந்த மேட்டின் மூன்று வருட வாடகையை
உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில்
சாக்பீஸால் கோடாக இழுக்க வைத்தேன்.
மூன்றாம் வருடம் தரையில் அடங்காமல்
கோடு சுவரில் ஏறியது.
அதன்மேல் நடந்துவந்த பிள்ளைகள்
சுவரில் மூக்கு இடிக்க நின்றார்கள்.
அடால்பெர்ட்டோ சிரிக்கவில்லை.

கதவை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தினோம்.
நிலை இல்லை.
ஆளுக்கொரு பக்கம் இருவர் பிடிக்க வேண்டும்,
கை வலித்தால் சாயும்.
உள்ளே ஒரு குடும்பம், வெளியே அமீனா.
உள்ளே இருக்கப் பதினொரு பேர் கைதூக்கினார்கள்.
அமீனாவுக்கு ஒருவரும் இல்லை.

நானே செய்கிறேன் என்று கோட்டை மாட்டினேன்.
தொண்டையைக் கனைத்தேன், கதவைக் குத்தினேன்.
'அப்படியில்லை'
என்றான் வால்டெமார்.
செப்டம்பரிலிருந்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

எழுந்து வந்தான்.
வாயிலிருந்த சூயிங்கத்தை எடுத்தான்,
காகிதத்தில் வைத்து நான்காக மடித்தான்,
பையில் போட்டான்.
காலரை நீவிக்கொண்டான்.
அப்புறம் தட்டாமல் நின்றான்.
நின்றுகொண்டே இருந்தான்.
கதவு பிடித்தவனுக்குக் கை நடுங்கியது.
தட்டுடா என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
'முதல்ல நிப்பார்' என்றான்.
யார் என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டுமென்று
ஒரு பாடம் உண்டு.
இரண்டு கோடைகள் ஆசிரியர்களுக்கு
நானே நடத்திய பாடம்.
ஒரு வரி நினைவுக்கு வரவில்லை.

தட்டினான். இரண்டு முறை,
விரல் கணுவால், மெதுவாக,
தூங்குகிறவரை எழுப்பத் தயங்குகிறவன் போல.
மேசைக்கடியில் ஒளிந்திருந்த ஜாந்திரா
தலையை மட்டும் நீட்டினாள்.
'மூணு' என்றாள்.

அவன் ஆரம்பத்திலிருந்து தொடங்கினான்.
வாயில் ஒன்றுமில்லை,
இருந்தும் எடுத்தான், மடித்தான்,
காலர்,
நின்றான்.
மூன்று.
'இப்ப சரி.'

மணி அடித்தது, பேருந்துக்கு ஓடினார்கள்.
இருவரும் ஒரே பேருந்தா, தெரியாது.
ஒரு பக்கம் நானும்
மறு பக்கம் அடால்பெர்ட்டோவும்
கதவைப் பிடித்தபடி இருந்தோம்.

இரவு, நகராட்சிக்கு அறிக்கை.
துறை: ஒன்றை மட்டும் குறிக்கவும்.
நாடகம். இசை. காட்சிக்கலை. கல்வி.
சமூகத்துக்கு வேறு படிவம், வேறு மாடி.
பயனடைந்தோர்:
இருபத்து நான்கு என்று எழுதி, அழித்து,
மறுபடியும் இருபத்து நான்கு.
விளைவு, ஐம்பது சொற்களுக்குள்:
இரண்டு முறை தட்டியது மூன்று முறையானது.
இன்னும் நாற்பத்து நான்கு சொல்
மிச்சமிருக்கிறது.

நிலை ஒன்று செய்ய
தச்சர் நாற்பது யூரோ கேட்கிறார்.
அதையும் எழுதினேன், இதர செலவில்.
நிலைக்கெல்லாம்
அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள்.